கோர்ப்பு கேட்ட கத்தி

காய்ச்சின கத்தியைத் தன் காலில் வைத்துப் பார்க்கச் சொல்லிக் கேட்டது கோர்ப்புதான். யாரும் அவளைக் கட்டி இழுத்துக்கொண்டு வரவில்லை. பிற்பாடு அவளைப் பற்றி எழுதப்பட்ட தாள்களில் எல்லாம் ‘பலவந்தமாகச் சோதனைக்கு உட்படுத்தப்பட்ட பெண்’ என்றே இருந்தது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. தெரிந்திருந்தால் அடித்துத் திருத்தச் சொல்லியிருப்பாள். அவள் வாய் அப்படிப்பட்டது.

பெலேத்தா ஊரில் அவளுக்கு இரண்டு விஷயத்தில் பேர் உண்டு. ஒன்று, அவள் இடிக்கிற மரவள்ளிக் களி. உலக்கைச் சத்தத்தை வைத்தே களி பதத்துக்கு வந்துவிட்டதா இல்லையா என்று மூன்று வீடு தள்ளி இருப்பவர்கள் சொல்லிவிடுவார்கள். விரலில் ஒட்டாது, காரச் சாற்றில் முக்கி வாயில் போட்டால் தானாக வழுக்கிக்கொண்டு இறங்கும். இன்னொன்று அந்த வாய். ஊர்த்தலைவர் தோக்பாவையே ஒருமுறை, “உங்க மீசை வளர்ந்த அளவுக்கு ரோடு வளரலியே தலைவரே” என்று கேட்டுவிட்டுக் களி இடிக்கப் போனவள்.

சண்டைக் காலத்தில் அந்த வாய் மூடிக் கிடந்தது. ஊர் வாசலில் கயிறு கட்டி நின்ற துப்பாக்கிக்காரர்கள் அவள் புருஷன் சூமோவை வரிசையிலிருந்து வெளியே நிற்கச் சொன்னார்கள். நின்றான். சுட்டார்கள். பிறகு அவன் முதுகில் இருந்த அரிசி மூட்டையை அவள் தலையில் ஏற்றினார்கள். ஒன்பது நாள் அவர்களோடு காட்டில் சுமந்தாள். மூட்டையின் ஒரு மூலை ஈரமாகவே இருந்தது. சண்டை முடிந்து சமாதானக் கையெழுத்து ஆனதும் வண்டிகள் வந்தன. ஆளுக்கு ஒரு நீலத் தார்ப்பாய் கொடுத்தார்கள். லைபீரியா முழுக்க எல்லாரும் எல்லாரையும் மன்னித்துவிட வேண்டும் என்று ரேடியோ தினமும் சொன்னது. சூமோவைச் சுட்டது யார் என்று எந்த வண்டியிலும் யாரும் கேட்கவில்லை. கோர்ப்பு தார்ப்பாயைச் சமையல் கொட்டகைக்கு மேலே கட்டினாள். மழைக்கு ஒழுகவில்லை.

அவளுக்கு ஒரே மகள், கோர்த்தோ. அதே ஊரில் நாலு வீடு தள்ளி சாக்கி என்பவனுக்குக் கொடுத்திருந்தாள். இரண்டு பெண் குழந்தைகள்.

சூமோவின் தம்பி முல்பா அண்ணன் போன பிறகும் அண்ணி வீட்டில்தான் சாப்பிட்டான். தன் பெண்டாட்டி ஞாமா வைக்கிற சோறு இறங்காது என்பான். அதை ஞாமாவுக்குக் கேட்கும்படியே சொல்வான். கரும்புச் சாராயமும் அவனுக்கு நன்றாக இறங்கியது. அந்த வருஷம் வெயில் தொடங்கியதிலிருந்து அவன் வயிறு வீங்கிக்கொண்டே வந்தது, கைகால் குச்சியாயிற்று. ஒரு சாயங்காலம் கோர்ப்புவிடம் வந்து உட்கார்ந்து களியும் காரச் சாறும் சாப்பிட்டான். “அண்ணி, இன்னிக்கு உப்பு தூக்கல்” என்றான். “உன் நாக்கு செத்துப் போச்சுடா” என்றாள் இவள். மறுநாள் மத்தியானம் அவனே செத்துப் போனான்.

அவள் சொன்ன அந்த ஒரு வார்த்தையை இரண்டு பேர் கேட்டிருந்தார்கள்.

வயிறு வீங்கிச் செத்தால் அது சாதாரணச் சாவு இல்லை என்பது அங்கே குழந்தைக்கும் தெரியும். யாரோ சூனியத்தை உள்ளே கட்டிவைத்திருக்கிறார்கள். புதைத்துவிட்டு வந்து கை கழுவும்போது ஞாமா அந்தச் சாற்றுக் கிண்ணத்தைக் கொண்டுவந்து நடு முற்றத்தில் கவிழ்த்து வைத்தாள். சாறு காய்ச்சியவள்தான் கட்டியவள் என்று அதற்கு அர்த்தம். சூனியம் என்பது அம்மா வயிற்றிலிருந்து மகள் வயிற்றுக்கு வருவது. அன்றைக்கே சாக்கியின் அம்மா பேத்திகளின் பாயைச் சுருட்டி, கோர்த்தோவின் பக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டு போய்த் தன் அறையில் விரித்தாள்.

இதற்குப் பிறகுதான் கோர்ப்பு, ஊர்ப் பஞ்சாயத்து நடக்கிற பேச்சுக் கொட்டகைக்கு நடந்தே போய், தோக்பாவின் முன்னால் நின்றாள்.

“கெர்குலாவைக் கூப்பிட்டு விடுங்க தலைவரே.”

“யோசிச்சுச் சொல்லு கோர்ப்பு. கத்தி விளையாட்டுச் சாமான் இல்ல.”

“யோசிக்கிறதுக்கு என்ன இருக்கு? என் காலு இருக்கு, அவர்கிட்ட கத்தி இருக்கு. செஞ்சிருந்தா சுடட்டும். செய்யலன்னா சாயந்தரம் வீட்டுக்குப் போறேன். மரவள்ளி ஊறிக்கிட்டிருக்கு.”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ஞாமா சிரிக்கவில்லை. “அக்காவே கேட்டுட்டாங்க, எனக்கும் அதுதான் வேணும்” என்றாள்.

கெர்குலா ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஆள், காய்ச்சின கத்தியை வைத்துக் குற்றம் பார்க்கிறவர். ஒரு காலைச் சற்று இழுத்து நடப்பார். அவர் வேலை செய்கிற விதம் ஒன்று உண்டு: வந்தவுடன் கத்தியை எடுக்க மாட்டார். முதல் நாள் முழுக்க வீடு வீடாகப் போய் உட்காருவார். கோலாக் கொட்டையை உடைத்துத் தின்பார், கள் குடிப்பார், யார் வீட்டில் எந்தக் கோழி முட்டையிடுகிறது என்பது வரைக்கும் கேட்பார். செத்தவனைப் பற்றி அவராக ஒரு வார்த்தை கேட்க மாட்டார். சொல்லுகிறவர்களை மட்டும் நிறுத்தாமல் சொல்லவிடுவார். பெலேத்தாவில் அவர் பதினாறு வீட்டில் உட்கார்ந்தார். பத்துப் பதினோரு வீட்டில் முல்பாவின் சாராயத்தைப் பற்றித்தான் பேச்சு வந்தது. ஞாமாவின் சொந்த அண்ணனே, “அவன் ஈரல் எப்பவோ போச்சு” என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

மறுநாள் காலை கத்தி நெருப்பில் கிடந்தது. கோர்ப்பு தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்து இடது காலை நீட்டியிருந்தாள். கெர்குலா ஒரு சட்டியிலிருந்து பச்சையாக எதையோ அள்ளி அவள் கெண்டைக்காலில் பூசினார். பூசினார் என்று சொல்வதைவிட அப்பினார் என்று சொல்லலாம். மூன்று விரல் கனத்துக்கு இருந்தது. ஆற்றின் அடித் தண்ணீரில் காலை விட்டதுபோல ஒரு குளிர்ச்சி எலும்பு வரைக்கும் போயிற்று.

“காலை ஆட்டாதீங்கம்மா” என்றார் அவளுக்கு மட்டும் கேட்கும்படி. “மூணு தடவை. அப்புறம் போயி மரவள்ளிய இடிங்க.”

கோர்ப்பு அவர் முகத்தைப் பார்த்தாள். தீர்ப்பு வந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. கத்திக்கு எல்லாம் தெரியும் என்று அவள் அம்மா சொல்லிக்கொடுத்ததும் சரியாகத்தான் இருந்தது.

அப்போதுதான் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது.

முன்னால் வந்த வண்டியில் கெப்பே என்ற பெண். வயது இருபத்தைந்து இருக்கும். ‘நீதி எல்லாருக்கும்’ என்று எழுதிய பனியன் போட்டிருந்தாள். மாவட்ட நகரத்துச் சட்ட உதவி மையத்தில் வேலை. வக்கீல் இல்லை, வக்கீல் இல்லாத ஊர்களுக்குப் போய்ச் சட்டம் சொல்லுகிற ஆள். பின்னால் வந்த வண்டியில் இரண்டு போலீஸ்காரர்கள். கெப்பே வண்டியை நிறுத்தக்கூட இல்லை, கீழே போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

“நிறுத்துங்க! யாரும் அந்தக் கத்தியத் தொடக்கூடாது. இது சட்டவிரோதம்!”

“யாரும்மா நீ?” என்றாள் கோர்ப்பு.

“உங்களக் காப்பாத்த வந்திருக்கேன் பெரியம்மா.”

“எதுலேர்ந்து?”

கெப்பே கெட்டவள் இல்லை, அறியாதவளும் இல்லை. அவளுடைய சின்னம்மாவுக்கு மரப்பட்டையை ஊறவைத்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்துத்தான் உண்மை சொல்ல வைக்கப் பார்த்தார்கள். சின்னம்மா உண்மை சொல்வதற்கு முன்னால் வாயில் நுரை தள்ளிச் செத்துப் போனாள். அதனால் கெப்பே அழுதுகொண்டே பேசினாள். கோர்ப்புவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். “பயப்படாதீங்க, பயப்படாதீங்க” என்றாள். பயப்படாத ஒருத்தியைப் பிடித்துக்கொண்டு நடுங்கினாள்.

“முடிஞ்சு போச்சும்மா. இன்னும் ஒரு நிமிஷம். இவரைச் செய்ய விடு” என்றாள் கோர்ப்பு.

“முடியாது பெரியம்மா. சட்டம்.”

கெர்குலாவிடம் இனிமேல் செய்ய மாட்டேன் என்று ஒரு தாளில் கைநாட்டு வாங்கினார்கள். தோக்பா தன் எல்லைக்குள் நடக்க விடமாட்டேன் என்று கையெழுத்தே போட்டார். கத்தியில் தண்ணீரை ஊற்றிச் சாட்சிப் பொருளாகச் சாக்கில் சுற்றினார்கள். எல்லாம் முடிந்து கிளம்பும்போது ஞாமா வழியை மறித்தாள்.

“அப்ப என் புருஷனுக்கு யாரு நியாயம் சொல்றது?”

“புகார் குடும்மா” என்றான் பெரிய போலீஸ்காரன். “கோர்ட்டு சொல்லும்.”

“கொன்னுட்டாங்கன்னு எழுதிக்க.”

எழுதிக்கொண்டான். கொலை என்று எழுதினால் ஆளை ஊரில் விட்டுவிட்டுப் போக முடியாது என்பது எழுதின பிறகு அவனுக்கே ஞாபகம் வந்தது. கெப்பே அவனிடம் ரொம்ப நேரம் வாதாடினாள். பிறகு கோர்ப்புவிடம் வந்து, “ரெண்டே நாள் பெரியம்மா. வாக்குமூலம் குடுத்துட்டு நானே கொண்டாந்து விடறேன்” என்றாள்.

இரண்டு போலீஸ்காரர்களுக்கும் நடுவில் கோர்ப்பு உட்கார்ந்து போனாள். வழியெல்லாம் காலில் இருந்த பச்சை காய்ந்து வெடித்துச் செதில் செதிலாக உதிர்ந்தது. பெலேத்தாவில் அவள் கொட்டகையில் மரவள்ளி நாலு நாள் ஊறி, நாறி, பிறகு யாரோ எடுத்துக் கொட்டினார்கள்.

ஜெயிலில் பெண்களுக்கு ஒரே அறை. நாலு பேர் இருந்தார்கள். மூத்தவள் டெடே, ஆடு திருடியவள். வந்த அன்றே கோர்ப்புவின் காலைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

“என்னக்கா அது, காலுக்குப் பச்சை பெயின்ட்டு?”

“என் தீர்ப்பு” என்றாள் கோர்ப்பு. “பாதியில நிக்குது.”

எட்டு நாள் அவள் அந்தக் காலைக் கழுவவில்லை.

வட்டார நீதிமன்றம் வருஷத்துக்கு நாலு தவணை உட்காரும். முதல் தவணையில் அவள் பேரைக் கூப்பிடவே இல்லை. இரண்டாவதில் கூப்பிட்டார்கள், ஆனால் விசாரித்த போலீஸ்காரன் பெலேத்தாவுக்குப் போய்ச் சாட்சி எழுத வண்டிக்கு எண்ணெய் இல்லை என்றான். மூன்றாவதில் ஜூரி ஆட்கள் சேரவில்லை. நாலாவதில் நீதிபதிக்கு மன்ரோவியாவில் ஏதோ கூட்டம். ஒவ்வொரு தடவையும் கோர்ப்புவை மற்றவர்களோடு சேர்த்து லாரியில் ஏற்றிக்கொண்டு போய், நீதிமன்றத்துக்குப் பின்னால் மாமரத்தடியில் உட்கார வைத்து, சாயங்காலம் திரும்ப ஏற்றினார்கள். ஒரு மாம்பழக் காலம் போய் அடுத்தது வந்தது.

ஏழைகளுக்கு அரசாங்கம் கொடுத்த வக்கீல் ஒருவர் இருந்தார். மாவட்டம் முழுவதுக்கும் அவர் ஒருவர்தான். முழங்கையில் பளபளத்துப் போன கறுப்புக் கோட்டு, வேர்த்துக்கொண்டே இருப்பார். நல்ல மனுஷர். பார்க்கும்போதெல்லாம், “நீங்கதானே அந்த ஆட்டுக் கேஸு?” என்பார்.

“ஆடு அவ. நான் சாறு.”

“ஆமா ஆமா, சாறு. சீக்கிரம் வந்துரும் பெரியம்மா.”

ஆட்டுக் கேஸுக்குத் தீர்ப்பு வந்தது. டெடேவுக்கு ஆறு மாதம் தண்டனை. அவள் அதற்குள் பதினான்கு மாதம் உள்ளே இருந்திருந்தாள். “எட்டு மாசம் பாக்கி அவங்கதான் எனக்குத் தரணும்” என்று சொல்லிக்கொண்டே வெளியே போனாள். போவதற்கு முன்னால் ஒன்று சொன்னாள்: “அக்கா, ஒண்ணு தெரிஞ்சுக்க. செஞ்சவளுக்குத்தான் இங்க சீக்கிரம் முடியும். செஞ்சேன்னு சொல்லிடு, போயிரலாம்.”

“சொல்லிட்டு எங்க போறது?”



கோர்த்தோ முதல் வருஷம் மாதம் ஒரு தடவை வந்தாள். விடிவதற்கு முன் கிளம்பி நடந்தால் உச்சி வெயிலில் வந்து சேரலாம். இலையில் சோறு கட்டிக்கொண்டு வருவாள். காவலன் அதில் முதலில் கை வைப்பான், மிச்சம் இவளுக்கு. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அவள் எப்போதும் ஒரே கேள்விதான் கேட்பாள்.

“கோர்ட்டு என்னம்மா சொல்லிச்சு?”

“இன்னும் சொல்லல.”

“ஒரு வார்த்தை வந்தாப் போதும்னு அவரு சொல்றாரும்மா. செய்யலன்னு ஒரு வார்த்தை. அவங்க அம்மா வாயை அடைச்சிரலாம்னு சொல்றாரு.”

பிறகு கோர்த்தோ சமைத்ததை அந்த வீட்டில் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். பிறகு அவள் கிணற்றில் மொள்ளக் கூடாது என்றார்கள். இரண்டாம் வருஷம் சாக்கி இன்னொருத்தியைக் கூட்டிவந்தான். குழந்தைகளை அங்கேயே வைத்துக்கொண்டு கோர்த்தோவை மட்டும் அம்மாவின் வீட்டுக்கு அனுப்பினான். அனுப்பும்போதும் அதையே சொன்னான்: கோர்ட்டு சொல்லட்டும், அன்றைக்கே வந்து கூட்டிக்கொண்டு போகிறேன். அவனும் கெட்டவன் இல்லை. இந்தக் கதையில் கெட்டவர்கள் யார் என்று தேடினால் கைக்கு ஆள் அகப்படுவதில்லை.

கெப்பேயும் வந்துகொண்டுதான் இருந்தாள். சோப்பு கொண்டுவருவாள். நீதிமன்ற எழுத்தரிடம் சண்டை போடுவாள். ஒரு தடவை அவள் மையம் அச்சடித்த காலண்டரை ஜெயில் அலுவலகத்தில் கொண்டுவந்து மாட்டினார்கள். மார்ச் மாதத்துக்கு, அன்றைக்குப் பெலேத்தாவில் எடுத்த கோர்ப்புவின் படம்; காலில் பச்சை அப்பியிருக்க, வாயைத் திறந்து ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிற படம். கீழே ‘காப்பாற்றப்பட்டவர்’ என்று எழுதியிருந்தது. காவலன் படித்துக் காட்டினான்.

“பெரியம்மா, மார்ச்சு முழுக்க உங்க மூஞ்சிதான்.”

“ஏப்ரல்ல விட்டுருவாங்களா?” என்றாள் கோர்ப்பு.

கடைசியாக வந்தபோது கெப்பே தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “எங்க திட்டம் இந்த மாசத்தோட முடியுது பெரியம்மா. வேற மாவட்டத்துக்கு மாத்திட்டாங்க.” அப்புறம் கம்பிக்குள் கையை விட்டு, குனிந்து, கோர்ப்புவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். அங்கே அப்படித்தான், பெரிய தப்புக்கு வாயால் மன்னிப்புக் கேட்க மாட்டார்கள், காலைப் பிடிப்பார்கள். பிடித்தால் எழுப்பிவிட வேண்டும். கோர்ப்பு சற்று நேரம் எழுப்பாமல் இருந்தாள். பிறகு, “எந்திரிம்மா. கம்பி தோள்ல குத்தும்” என்றாள்.

மூன்று வருஷமும் நாலு மாதமும் ஆனபோது, ஒரு நாள் அவளையும் இன்னும் பதினொரு பேரையும் ஒன்றாக நீதிபதி முன்னால் நிறுத்தினார்கள். எழுத்தர் பன்னிரண்டு பேரையும் மூச்சுவிடாமல் வாசித்தார். இத்தனை தவணைக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஆளை விட்டுவிட வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறதாம். முதல் வருஷமே இருந்ததாம். மன்ரோவியாவிலிருந்து யாரோ பார்வையிட வருகிறார்கள் என்பதால் இப்போது தேடி எடுத்திருந்தார்கள்.

“வழக்கு தள்ளுபடி. போகலாம்” என்றார் நீதிபதி.

பதினொரு பேர் போனார்கள். கோர்ப்பு நின்றாள்.

“அய்யா, நான் செஞ்சேனா, செய்யலையா?”

நீதிபதி வக்கீலைப் பார்த்தார். வக்கீல் ஓடிவந்து அவள் முழங்கையைத் தொட்டார். “வீட்டுக்குப் போகலாம்னு அர்த்தம் பெரியம்மா.”

“போறது இருக்கட்டும். செய்யலன்னு ஒரு வார்த்தை எழுதிக் குடுங்க.”

“அதுக்கு வழக்கு நடந்திருக்கணும்.”

“நடத்துங்க.”

அறையில் எல்லாரும் சிரித்தார்கள். நீதிபதிகூடச் சிரித்தார், கோபமில்லாத சிரிப்பு. “நடத்தணும்னா நீங்க திரும்ப உள்ள போகணுமேம்மா” என்றார்.

“எத்தனை நாளுக்கு?” என்றாள் கோர்ப்பு.

சிரிப்பு நின்றது. யாரோ அவளை வெளியே கூட்டிக்கொண்டு போனார்கள். கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள்.

ஊருக்குப் போக ஒரு மோட்டார் சைக்கிள்காரனை வக்கீல் பேசிவிட்டார். வாட்டசாட்டமான ஆள், இடது காதில் பாதி இல்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்து பின்னாலிருந்து பார்த்த பிறகுதான் கோர்ப்புவுக்கு அந்தக் காது அடையாளம் தெரிந்தது. கயிற்றுக்குப் பக்கத்தில் நின்று சூமோவைச் சுட்டவன். ஒன்பது நாள் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டேதான் அவள் நடந்திருக்கிறாள்.

“எந்த ஊரு பெரியம்மா?”

“பெலேத்தா.”

“தெரியும், தெரியும். சண்டை டைம்ல அங்க வாசல்ல நின்னிருக்கேன்.” அவன் ஒரு ஜெபப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினான். பாதி வழியில் அன்பாகக் கேட்டான்: “உங்க மேல என்ன கேஸு?”

“சாறு காய்ச்சினேன்” என்றாள் கோர்ப்பு.

அவன் சிரித்தான். நல்ல தமாஷ் என்று நினைத்திருப்பான். பள்ளம் வந்தபோதெல்லாம் அவள் அவன் தோளைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

ஊரில் யாரும் ஓடி ஒளியவில்லை. யாரும் கிட்டே வரவுமில்லை. பேச்சுக் கொட்டகையில் தோக்பா தாளை வாங்கிப் பள்ளிக்கூட வாத்தியாரிடம் கொடுத்தார். வாத்தியார் இரண்டு தடவை படித்தார்.

“தள்ளுபடின்னு இருக்கு.”

“செய்யலன்னு எங்க இருக்கு?” என்றாள் ஞாமா. குரலில் பகை இல்லை. அவளும் மெலிந்து, பல் போயிருந்தாள். “அக்கா, உன்னோட சண்டை போட வரல. மூணு வருஷமா நானும்தான் காத்துக்கிட்டிருக்கேன்.”

கொட்டகைக்கு வெளியே கோர்த்தோ நின்றாள். அவளுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் சாக்கியும், அவன் இரண்டு பக்கமும் பெண் குழந்தைகளும். மூத்தது தன் அம்மாவைப் பார்க்காமல் இருக்கப் பழகியிருந்தது.

“அத்தை, நான் சொன்ன சொல்லுல நிக்கறேன்” என்றான் சாக்கி. “ஊரு ஒரு வார்த்தை சொல்லட்டும். இப்பவே இவளைக் கூட்டிட்டுப் போறேன்.”

கோர்ப்பு தோக்பாவிடம் திரும்பினாள். “கெர்குலாவக் கூப்பிடுங்க.”

“கெர்குலா செத்து வருஷமாச்சு.”

“வேற ஆளு?”

“எவன் வருவான்? வந்தா நான் உள்ள போவேன். கையெழுத்துப் போட்டிருக்கேன் கோர்ப்பு.”

அப்போது பழைய கோர்ப்புவின் குரல் வந்தது. மூன்று வருஷத்துக்கு அப்புறம் ஊர் அதைக் கேட்டது.

“அடுத்தவன் கால்ல வைக்கக் கூடாதுன்னுதான சட்டம்? என் கால்ல நான் வைக்கிறதுக்கு எவன் கையெழுத்து வேணும்?”

தன் கொட்டகைக்குப் போனாள். தார்ப்பாய் கிழிந்து தொங்கியது. கோர்த்தோ பற்றவைத்த அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மரவள்ளி வெட்டுகிற கத்தியை எடுத்து நெருப்பில் வைத்தாள். பிறகு ஓடைக்கரைக்குப் போய் இலை பறித்தாள். கெர்குலா என்ன இலை அரைத்தார் என்று அவளுக்குத் தெரியாது. அந்தக் குளிர்ச்சி மட்டும் தெரியும். ஜெயிலில் ஆயிரம் தடவைக்கு மேல் அதை நினைத்திருக்கிறாள். ஒவ்வோர் இலையாகக் கசக்கிக் காலில் தேய்த்துப் பார்த்தாள். அகலமாக, அடியில் வெள்ளையாக இருந்த ஒன்று குளிர்ந்தது. இதுதான் என்று நினைத்தாள். ஓடைக் களிமண்ணோடு சேர்த்து அரைத்து, மூன்று விரல் கனத்துக்கு அப்பிக்கொண்டாள்.

உச்சி வெயிலில் பெலேத்தா முழுக்கக் கூடி நின்றது. தோக்பா காட்டைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். கோர்ப்பு முக்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி, பழம்போலச் சிவந்திருந்த கத்தியைத் தானே எடுத்தாள்.

“முல்பா சாவுக்கும் என் கைக்கும் சம்பந்தமில்லை. இருந்தா இது சுடட்டும்.”

முதல் தடவை சீறல் சத்தம் மட்டும் வந்தது. ஆவி எழும்பியது. அவள் காலை ஆட்டவில்லை. கோர்த்தோவின் முகத்தில் என்னவோ மலர ஆரம்பித்தது. இரண்டாவது தடவை கத்தி திரும்பும்போது காய்ந்த மண் பாளமாகக் கூடவே பெயர்ந்து வந்தது. கீழே கறுப்பாக ஈரமான தோல் தெரிந்தது. இவ்வளவில் நிறுத்தியிருக்கலாம். ஆனால் கணக்கு மூன்று. மூன்றாவதை அவள் வெறும் தோலில் வைத்து, முட்டியிலிருந்து கணுக்கால் வரைக்கும், ஆட்டாமல், இழுத்தாள்.

வாடை எல்லாருக்கும் தெரிந்தது.

ஞாமா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள். சாக்கி மூத்த குழந்தையின் கண்ணை உள்ளங்கையால் மூடி, சின்னதைத் தூக்கிக்கொண்டு நடந்தான். அவன் திரும்பிப் பார்ப்பான் என்று கோர்த்தோ நின்றாள். அவன் வீட்டுக்குள் போகும் வரைக்கும் நின்றாள். கூட்டம் கலைந்தது. தோக்பா எழுந்து, யாரையும் பார்க்காமல், வந்த வழியே போனார்.

கோர்ப்பு கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோல் சுருண்டு விலகியிருந்தது. வலி இன்னும் வந்து சேரவில்லை. அவளுக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது. கத்திக்கு எல்லாம் தெரியும். அது பொய் சொன்னதாக அவள் பிறந்ததிலிருந்து கேள்விப்பட்டதில்லை.

கோர்த்தோ தண்ணீர் கொண்டுவந்தாள். ஊற்றவில்லை. கொட்டகைக்கு வெளியிலேயே, எட்டாத தூரத்தில், பானையை வைத்துவிட்டு நின்றாள்.

“அன்னிக்குச் சாறுல” என்றாள் கோர்ப்பு மெதுவாக, மகளிடமா தன்னிடமா என்று தெரியாமல், “மிளகாய் போட்டேன். கருவாடு. கத்திரிக்காய் ரெண்டு. செம்பனை எண்ணெய். உப்பு...” நிறுத்தினாள். உப்பு தூக்கல் என்று முல்பா சொன்னான். மறுபடி விரலை மடக்கி, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.